சம்பாத்தியத்தோடு உடல்நலமும் ஊர் திரும்ப வேண்டும்

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2026 ஜனவரி முதல் இனிப்புப் பானங்களுக்கான வரி, அவற்றில் கலந்திருக்கும் சர்க்கரையின் அளவைப் பொறுத்து விதிக்கப்படுகிறது. சர்க்கரை கூடினால் வரியும் கூடும். 2017-இல் குளிர்பானங்களுக்கு 50 சதவீதம், எனர்ஜி டிரிங்க் வகைகளுக்கு 100 சதவீதம் எனத் தொடங்கிய வரியின் அடுத்த கட்டம் இது. நீரிழிவும் உடல் பருமனும் வளைகுடா அரசுகளை எவ்வளவு கவலைக்குள்ளாக்கியிருக்கின்றன என்பதை இது காட்டுகிறது. ஆனால், வரி கடையின் விலைப்பட்டியலை மாற்றுமே தவிர, அறையில் கொதிக்கும் உலையை மாற்றாது. வளைகுடாத் தமிழர்களின் உடல்நலம் அவர்கள் தங்கும் அறையிலும், பங்கிட்டுக்கொள்ளும் அடுப்படியிலும்தான் முடிவாகிறது. காசு கொட்டி ஜிம்மில் சேராமலும், டப்பாவில் வரும் சத்து மாவுகளை வாங்காமலும் அதைக் காத்துக்கொள்ள முடியும்.

எவ்வளவு பெரிய சிக்கல்?

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 கணக்கின்படி, குவைத்தில் வயது வந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. இந்தியாவின் நிலைமையும் ஆறுதல் தருவதாக இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக 2023-இல் தெரிவித்தது. தேசிய சராசரியைவிடத் தமிழ்நாட்டின் விகிதம் அதிகம்.

ஆக, நோய்க்கு இடம் கொடுக்கும் உடல்வாகோடு புறப்படும் ஒருவர், நோயை வளர்க்கும் சூழலில் போய் இறங்குகிறார். தெற்காசியர்களுக்கு உடல் எடை பெரிதாக ஏறாத நிலையிலேயே சர்க்கரை நோய் வருகிறது. ஒல்லியாகத் தெரியும் உடம்பிலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கும். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடுப்புச் சுற்றளவைத் தாண்டினாலே எச்சரிக்கை வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடுகளில் வாழ்வோர் சுமார் 22 லட்சம் பேர் என 2015-ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் கணிசமானோர் வளைகுடாவில் இருக்கின்றனர். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் போன்ற ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே இருப்பார். அந்த ஒருவரின் சம்பளத்தில்தான் வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, தங்கையின் திருமணம் எல்லாம் நடக்கின்றன. நாற்பது வயதில் அவருக்கு மாரடைப்போ சிறுநீரகச் செயலிழப்போ வந்தால் வேலையும் போகும், விசாவும் போகும், சேமிப்பும் சிகிச்சையில் கரையும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விசா புதுப்பிப்புக்கான மருத்துவப் பரிசோதனை முதன்மையாகக் காசநோய், எச்.ஐ.வி. போன்ற தொற்றுநோய்களைக் கண்டறியவே நடக்கிறது. அதில் தேறிவிட்டாலே உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று பலர் நம்பிவிடுகின்றனர். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பல ஆண்டுகள் அறிகுறி காட்டாமல் வளரக்கூடியவை. தனியாகச் சோதித்தால்தான் அவை தெரியவரும்.

வேலைக்கு வேலை தேவை மாறும்

வளைகுடாவில் உள்ள எல்லாத் தமிழர்களுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

கட்டுமானத் தொழிலாளி நாள் முழுக்க உடலை வருத்துகிறார். அவருக்கு மேலும் களைப்பூட்டும் பயிற்சி தேவையில்லை. ஆனால், பாரம் தூக்குவதும் குனிந்து நிமிர்வதும் ஒரே தசைகளைத் திரும்பத் திரும்பத் தேய்க்கின்றன. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சீரான பயிற்சி கிடைப்பதில்லை; இடுப்பும் முழங்காலும்தான் பழுதாகின்றன. அவருக்கு முதல் தேவை போதிய தூக்கம், தண்ணீர், புரதம், முதுகையும் தொடையையும் தளர்த்தும் சில நிமிட நீட்சிப் பயிற்சி.

காவலாளி, ஓட்டுநர், கணக்கர், கடையில் கல்லாவில் அமர்பவர் ஆகியோரின் நிலை நேர்மாறானது. பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். ஏசி அறையிலிருந்து ஏசி வண்டிக்கு, அங்கிருந்து மறுபடி ஏசி அறைக்கு என்று நாள் போகிறது. இவர்களுக்குத்தான் உடற்பயிற்சி கட்டாயத் தேவை.

குடும்பத்தோடு ஃபிளாட்டில் வசிக்கும் பெண்களின் நிலையும் கவனத்துக்கு உரியது. ஊரில் கடைக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் நடந்தவர்கள், அங்கே லிஃப்டுக்கும் கார் கதவுக்கும் இடைப்பட்ட தூரத்தை மட்டுமே நடக்கிறார்கள். ஆண்டெல்லாம் வெயில் அடிக்கும் நாடுகளில் வைட்டமின் டி குறைபாடு மிகப் பரவலாக இருப்பதற்கு இந்த அடைபட்ட வாழ்க்கையும் ஒரு காரணம்.

விடியுமுன் கட்டும் சாப்பாடு

கேம்ப்புகளில் தங்கும் தொழிலாளிகள் பலர் அதிகாலை நான்கு மணிக்கே எழுகிறார்கள். முந்தைய இரவு சமைத்த சோறும் குழம்பும் டிபன் கேரியரில் ஏறுகின்றன. ஐந்து மணிக்கு கம்பெனி பஸ். மூடி வைத்த அந்தப் பெட்டி, வேலையிடத்தில் நிழல் கிடைத்த ஒரு மூலையில், பகல் பன்னிரண்டரை வரை கிடக்கிறது. திறக்கும்போது குழம்பில் லேசாகப் புளித்த வாடை. வேறு வழியின்றி அதையே சாப்பிடுகிறார்கள்.

சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் இருக்கும்போதுதான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. சாதாரணமாக இரண்டு மணி நேரம்; வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். அதற்கு மேல் உணவை வெளியில் வைப்பது பாதுகாப்பல்ல. அமீரகத்தின் சுவைஹான் பகுதியில் 2025 மே மாதத்தில் வெப்பம் 51 டிகிரியைத் தாண்டியது. சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தவர் அதே நாளில் வெயிலில் நின்றால், நீரிழப்பு நேராகச் சிறுநீரகத்தைத் தாக்கும்.

இதற்குச் சில எளிய வழிகள் உண்டு. சூடு காக்கும் ஹாட் பாக்ஸில், அடுப்பிலிருந்து இறக்கிய உடனே கொதிக்கக் கொதிக்கக் கட்டலாம். இரவே சமைத்தால் அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் எடுத்து ஆவி பறக்கச் சூடாக்கிக் கட்டலாம். தேங்காய் அரைத்த குழம்பு சீக்கிரம் கெடும். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் சற்றுத் தாங்கும். நீர்ப்பதம் இல்லாத சப்பாத்தி, வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பேரீச்சை, முழுப் பழங்கள் ஆகியவை வேலையிடத்துக்கு நம்பகமானவை.

தட்டில் என்ன மாற வேண்டும்?

பேச்சிலர் அறைகளின் மெஸ்ஸில் பெரும்பாலும் ஒரே வரிசைதான்: காலையில் சாயாவும் பிஸ்கட்டும், மதியம் நிறையச் சோறு, கொஞ்சம் குழம்பு, இரவு குப்பூஸ் ரொட்டியும் கோழிக் குழம்பும். காய்கறி என்பது சாம்பாரில் மிதக்கும் இரண்டு துண்டுகள். பழம் வெள்ளிக்கிழமை விருந்தில் மட்டும்.

இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும், அதில் பெரும்பகுதி வெள்ளை அரிசியும் தீட்டிய மாவும் சர்க்கரையும் தருபவை என்றும் 2025-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறுகிறது. அரிசியோடு மைதா குப்பூஸும் சேரும் வளைகுடா அறையில் நிலைமை இதைவிட மேலாக இருக்க வாய்ப்பில்லை.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தானியங்களிலிருந்து 45 சதவீதத்துக்கு மேல் கலோரி வரக் கூடாது என்கிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு அல்லது பயறு, 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 300 மில்லி பால், 35 கிராம் கொட்டை வகைகள் என்பது அதன் கணக்கு. கடும் உடலுழைப்பு உள்ளவருக்கு இந்த அளவு கூடும். ஆனால் விகிதம் இதுதான். தட்டில் பாதி காயும் கீரையும், கால் பாகம் பருப்பு, முட்டை, மீன், கோழியில் ஏதோ ஒன்று, மீதிக் கால் பாகம் மட்டும் சோறு அல்லது ரொட்டி என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போட வேண்டியதில்லை.

இதற்கான பொருள்கள் வளைகுடாவில் தாராளமாகக் கிடைக்கின்றன. முன்னணியில் நிற்பது கொண்டைக்கடலை. 100 கிராம் வேகவைத்த கடலையில் ஏறக்குறைய 9 கிராம் புரதம், கூடவே நார்ச்சத்து. இரவில் ஊறவைக்கும்போது பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. கோடையில் வெளியே வைத்தால் நுரைத்துப் புளித்துவிடும். டின்னில் வருவதை வாங்கினால் உப்பு நீரை வடித்து, நன்றாகக் கழுவிப் பயன்படுத்த வேண்டும். அரபு உணவகங்களில் காலையில் கிடைக்கும் ஃபூல் எனும் அவித்த பயறும், அதஸ் எனும் மைசூர்ப் பருப்பு சூப்பும், எண்ணெய் மிதக்கும் பரோட்டாவைவிடப் பல மடங்கு மேல்.

மீனில் மத்தியை மிஞ்ச ஆளில்லை. ஓமன் கரையில் பிடிபட்டு வரும் இந்தச் சிறு மீன், வஞ்சரத்தின் விலையோடு ஒப்பிட மிக மலிவு. புரதம், இதயத்துக்கு நல்ல கொழுப்பு, வைட்டமின் டி மூன்றும் அதில் உண்டு. பொரிக்காமல் புளிக் குழம்பாக வைத்தால் சத்து முழுதாகச் சேரும். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம். அடுப்பு ஒழியும் சில நிமிடங்களில் அவித்துவிடலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் தேவை. இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் கடலை, ஒரு கோப்பை லபன் எனும் அரபு மோர், இரண்டு மீன் துண்டு ஆகியவை அதை எளிதாக நிறைவு செய்யும். பொடி டப்பா வேண்டியதில்லை.

முருங்கைக்கீரை இந்தியக் கடைகளில் கிடைக்கிறது. கிடைக்காத நாளில் ஜர்ஜீர் கீரை, புதினா, கொத்தமல்லிக் கட்டுகள் பக்காலா எனும் எந்த மளிகைக் கடையிலும் இருக்கும். வெள்ளரி, தக்காளி, கேரட், வெங்காயம் நறுக்கி எலுமிச்சை பிழிந்தால் அடுப்பே இல்லாத காய்கறி உணவு தயார். உறைய வைத்த பீன்ஸும் பட்டாணியும் சத்துக் குறைந்தவை அல்ல. கேழ்வரகு, கம்பு மாவும் பெரும்பாலான இந்தியக் கடைகளில் உண்டு. கம்மங்கூழில் லபன் கரைத்துக் குடித்தால் கோடைக் காலைக்கு அதுவே நிறைவான உணவு.

பேரீச்சை நல்ல உணவுதான். நார்ச்சத்தும் பொட்டாசியமும் நிறைந்தது. ஆனால் அதிலும் சர்க்கரை அதிகம். சிறிய பழங்களில் இரண்டு மூன்று போதும். நீரிழிவு உள்ளவர், இயற்கையான இனிப்புதானே என்று கைநிறைய அள்ளக் கூடாது.

எண்ணெய், உப்பு: மாதக் கணக்கு

தினசரி அளவை யாரும் கிராம் பார்த்துச் சமைப்பதில்லை. மாதச் சாமான் வாங்கும்போதே அளவைக் கட்டுப்படுத்துவது எளிது.

ஒருவருக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெய் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவு. நான்கு பேர் உள்ள அறைக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். அதற்கு மேல் தீர்ந்தால் எண்ணெய் கூடுதல் என்று பொருள். பொரித்த எண்ணெயை அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் ஊற்றுவதை நிறுத்த வேண்டும்.

உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, நூடுல்ஸ் பாக்கெட் ஆகியவற்றின் உப்பும் இதில் அடங்கும். எனவே ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஒன்றரை மாதத்துக்கு மேல் வர வேண்டும்.

குடிப்பதில் சேரும் சர்க்கரை

330 மில்லி குளிர்பான கேனில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது, ஏழு தேக்கரண்டி. சேர்க்கப்படும் சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் வைப்பது சிறந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே கேனில் அந்த அளவு தாண்டிவிடுகிறது.

டின் பாலும் சர்க்கரையும் கலந்து காய்ச்சும் கரக் சாயா வளைகுடாவின் அன்றாடப் பானம். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்று வைத்தாலும், நான்கு கோப்பையில் 40 கிராம். கட்டுமான இடங்களில் களைப்புத் தெரியாமல் இருக்க எனர்ஜி டிரிங்க் குடிக்கும் பழக்கமும் உண்டு. 250 மில்லி கேனில் ஏறத்தாழ 27 கிராம் சர்க்கரையும் 80 மில்லிகிராம் காஃபினும் இருக்கின்றன. களைப்பை அது போக்குவதில்லை, மறைக்கிறது. இதயத் துடிப்பைக் கூட்டி, இரவுத் தூக்கத்தையும் கெடுக்கிறது. வெயிலில் வேலை செய்பவருக்கு அது ஏற்ற பானம் அல்ல.

வெயிலில் உழைப்பவர் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். அதிக வியர்வை வெளியேறும் நாளில் உப்புச் சேர்த்த மோர் அல்லது லபன், எலுமிச்சைச் சாறு, ஓ.ஆர்.எஸ். கரைசல் உதவும். ரத்த அழுத்தம் உள்ளவர் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அறியலாம். வளைகுடாவில் சிறுநீரகக் கல் அதிகம் காணப்படுவதற்கு இந்தத் தண்ணீர்க் குறையும் முக்கியக் காரணம்.

அமீரகம் 2005 முதல் கோடையில் நண்பகல் வேலைத் தடையை நடைமுறைப்படுத்துகிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. கத்தாரில் 2021 முதல் தடை காலை 10 மணிக்கே தொடங்கி 3.30 வரை நீடிக்கிறது. இந்த இடைவேளை சாப்பிடவும் தண்ணீர் குடிக்கவும் படுத்து ஓய்வெடுக்கவும் கிடைத்த நேரம். செல்போனில் அதைக் கழித்துவிடக் கூடாது.

கட்டிலோரத்து உடற்பயிற்சி

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம், அதோடு இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டுதல் இது. துபாயில் 2017 முதல் ஆண்டுதோறும் நடக்கும் ஃபிட்னஸ் சேலஞ்ச், முப்பது நாள்களுக்குத் தினம் முப்பது நிமிடம் என்று அதை எளிமையாக்கியது. கத்தாரில் 2012 முதல் பிப்ரவரியின் இரண்டாம் செவ்வாய், விளையாட்டு நாளாக அரசு விடுமுறை. 2025 ஆகஸ்டில் துபாய் மால்கள் காலை 7 முதல் 10 மணி வரை நடைப்பயிற்சிக்காகத் திறந்துவிடப்பட்டன.

நவம்பர் முதல் மார்ச் வரை அபுதாபி கார்னிஷ், தேரா கிரீக் ஓரம், ஷார்ஜா அல் மஜாஸ், தோஹா கார்னிஷ், மஸ்கட்டின் மத்ரா கடற்கரை எங்கும் இலவசமாக நடக்கலாம். மற்ற மாதங்களில் அறைதான் கதி. இரண்டு அடுக்குக் கட்டில்களுக்கு நடுவே இருப்பது ஓர் ஆள் நிற்கும் இடம். அது போதும். பாய் விரிக்கும் இடத்தில் தண்டாலும் பஸ்கியும் எடுத்து உடம்பை வளர்த்த மரபு தமிழ்நாட்டின் சிலம்பக் கூடங்களுக்கு உண்டு.

இருபது நிமிடப் பயிற்சி ஒன்றை இப்படி அமைக்கலாம். முதல் மூன்று நிமிடம் நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி நடை. பிறகு பஸ்கி பத்து. முழங்கால் வலி உள்ளவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எழலாம். அடுத்து தண்டால் பத்து. முடியாதவர் சுவரில் கை ஊன்றிச் செய்யலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் உயர்த்தி இறக்குவது பன்னிரண்டு முறை. முதுகு வலிக்கு இது மிக நல்லது. முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடலைப் பலகைபோல இருபது விநாடி நிறுத்துவது ஒரு முறை. குதிகாலை உயர்த்தி இறக்குவது இருபது. இந்தச் சுற்றை மூன்று முறை செய்து, கடைசியில் தொடை, முதுகு, தோள்களை மெல்ல நீட்டி முடிக்கலாம்.

கருவி வேண்டுமென்றால் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறது. நிரப்பினால் ஐந்து கிலோ. இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்கி எடுக்கலாம். ஒரு கையால் இடுப்புவரை இழுத்து முதுகை வலுப்படுத்தலாம். நான்கு மாடி கேம்ப்பின் படிக்கட்டும் ஒரு பயிற்சிக் கூடம்தான்.

சாப்பிட்டபின் பத்து, பதினைந்து நிமிட நடைக்குத் தனிப் பலன் உண்டு. இயங்கும் தசை, இன்சுலினை முழுதாக நம்பியிராமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை நேரடியாக இழுத்துக்கொள்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வராந்தாவில் நடந்தாலே உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் தணியும். காவலாளியும் ஓட்டுநரும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடப்பதும் இதே காரணத்தால் பலன் தரும்.

பயிற்சியின்போது மூச்சை அடக்கக் கூடாது. நெஞ்சுவலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் கடும் பயிற்சி செய்யக் கூடாது. அவர்கள் ரமலான் நோன்பு வைப்பதற்கு முன் மருந்தின் அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்வது அவசியம்.

தடுக்க முடியும் என்பதற்குச் சான்று

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு, நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்கள் உணவையும் உடலியக்கத்தையும் சீர்செய்தபோது நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. மாத்திரை கொடுத்த பிரிவிலும் ஏறக்குறைய அதே அளவு பலன்தான் கிடைத்தது.

அதே குழு 2013-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, வளைகுடாத் தமிழர்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. தென்னிந்தியாவில் நீரிழிவின் விளிம்பில் இருந்த, வேலைக்குச் செல்லும் 537 ஆண்களில் ஒரு பாதியினருக்கு உணவு, உடற்பயிற்சி குறித்த குறுஞ்செய்திகள் தொடர்ந்து செல்போனில் அனுப்பப்பட்டன. இரண்டு ஆண்டுகளில், செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கு மட்டுமே வந்தது. மருத்துவமனைக்குப் போக நேரமில்லாத உழைப்பாளியையும் செல்போன் எட்டிப்பிடிக்கும். ஒவ்வொரு கேம்ப்பிலும் ஒவ்வொரு ஊர்க்காரர்களுக்கும் ஏற்கெனவே வாட்ஸ்அப் குழு இருக்கிறது.

செய்ய வேண்டியவை

பொறுப்பைத் தனிமனிதரின் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமாகாது. ஒரு குளிர்சாதனப் பெட்டியை இருபது பேர் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில் ‘நல்ல உணவு சாப்பிடு’ என்பது வெறும் உபதேசம். எனவே தொழிலாளி, அறை, நிறுவனம், சங்கம், அரசு என ஒவ்வொரு தரப்புக்கும் பங்கு உண்டு.

தனிமனிதர்: முப்பது வயதைத் தாண்டிய எவரும் ஆண்டுக்கு ஒருமுறை ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) 100-ஐத் தாண்டினால் உணவையும் பயிற்சியையும் அன்றே மாற்ற வேண்டும். 126-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அமீரகத்தில் 2025 ஜனவரி முதல் எல்லா எமிரேட்டுகளிலும் தனியார் ஊழியர்களுக்கும் வீட்டுப் பணியாளர்களுக்கும் அடிப்படை மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிரீமியத்தை முதலாளிதான் கட்ட வேண்டும். அந்தக் காப்பீட்டு அட்டையைப் பயன்படுத்தத் தயங்கக் கூடாது. ஊரிலிருந்து வரும் மாத்திரை தீர்ந்ததும் மருந்தை நிறுத்திவிடுவது மிக ஆபத்தான பழக்கம்.

அறை: மெஸ் கணக்கில் காய், பழம், பயறு ஆகியவற்றுக்கென ஒரு பங்கை முதலில் ஒதுக்கி, மிச்சத்தில் அரிசியும் கோழியும் வாங்கலாம். வாரத்தில் மூன்று நாள் சுண்டல், இரண்டு நாள் மீன், தினமும் ஒரு பச்சைக் காய் என்று முறை வைக்கலாம். சாயாவுக்கான சர்க்கரையைத் தனியாக வைத்தால் அளவு தானே குறையும். பயிற்சியை நாலு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் செய்தால் அது நிலைக்கும்.

நிறுவனங்கள்: வேலையிடங்களில் சாப்பாட்டுப் பெட்டிகளுக்குக் குளிர்சாதனப் பெட்டியும் சூடாக்கும் அடுப்பும் வைக்க வேண்டும். கேட்டரிங் ஒப்பந்தத்தில் காய், பயறு, பழத்தின் அளவைக் கிராம் கணக்கில் எழுத வேண்டும். கேம்ப்பில் ஒரு காலி அறையைப் பாய் விரித்துப் பயிற்சிக்கு விடலாம். ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை நடத்தி, முடிவைத் தொழிலாளியிடம் மட்டுமே தர வேண்டும். அதைக் காட்டி வேலையை விட்டு அனுப்புவது கூடாது.

தமிழ்ச் சங்கங்கள்: ஆண்டு விழா மேடையின் செலவில் ஒரு சிறு பகுதி, கேம்ப்புகளில் பரிசோதனை முகாமுக்குப் போதும். தமிழ் மருத்துவர்களையும் உணவியலாளர்களையும் கொண்டு, வாரம் இருமுறை தமிழில் குறுஞ்செய்தியும் ஒரு நிமிடக் குரல்பதிவும் அனுப்பலாம். அது பலன் தரும் முறை என்பதைச் சென்னைக் குழுவின் ஆய்வே காட்டியிருக்கிறது.

அரசுகள்: அபுதாபி 2025-இல் கொண்டுவந்த நியூட்ரி மார்க், உணவுப் பொருள்களை ஏ முதல் இ வரை தரம் பிரித்துக் காட்டுகிறது. இத்தகைய முத்திரை மற்ற எமிரேட்டுகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பரவ வேண்டும். அது என்ன என்பதைத் தொழிலாளிகளின் தாய்மொழிகளில் விளக்கவும் வேண்டும். இனிப்புப் பான வரியில் கிடைக்கும் வருவாயின் ஒரு பகுதியைத் தொழிலாளர் குடியிருப்புகளின் சமையலறை வசதிக்கு ஒதுக்கினால் வரியின் நோக்கம் முழுமை பெறும். தமிழ்நாட்டின் அயலகத் தமிழர் நல வாரியம், புறப்படும் முன் தரப்படும் பயிற்சியில் மொழி, சட்டம் ஆகியவற்றோடு சமையல், தண்ணீர், உடற்பயிற்சி, காப்பீட்டைப் பயன்படுத்தும் முறை ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். விடுப்பில் ஊர் வருவோருக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்கள் வழியாகச் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை செய்து, முடிவைக் கையில் எழுதித் தரலாம். வளைகுடா திரும்பி மருத்துவரைப் பார்க்கும்போது அந்தக் குறிப்பு சிகிச்சையைத் தொடர உதவும்.